முன்னால் நிற்கும் ஏழு

என் ஸ்டெல்லா டீச்சருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. உன்னிடம் அதைக் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதமும் நான் எழுதியதில்லை. ஒரே வீட்டில், ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடப்பவளுக்கு எவன் கடிதம் எழுதுவான்? இப்போது எழுதுகிறேன். யாராவது எட்டிப் பார்த்துப் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் அழவில்லை. உன்னைப் பெட்டியில் வைத்து மூடியபோது உன் அம்மா என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "அழுதுருங்க மாப்ள, உள்ளுக்குள்ள வச்சுக்கிறாதீங்க, அழுதுருங்க" என்றார். நான் அவர் காலடியில் கிடந்த மைக் ஒயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இடத்தில் இன்சுலேஷன் பிய்ந்திருந்தது. யாராவது மிதித்துவிடுவார்களே, டேப் சுற்ற வேண்டுமே என்று நினைத்தேன். நீ போன அன்றைக்கு எனக்குத் தோன்றியது அம்புட்டுத்தான்.

நம் கடைக்கு வரும் மிக்ஸிகளில் சில இப்படித்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. கரண்ட் வருகிறது, ஒயரும் நன்றாக இருக்கிறது, ஆனால் மோட்டார் இறுகிப்போயிருக்கும். நானும் அப்படித்தான் இருக்கிறேன். காலையில் எழுகிறேன், குளிக்கிறேன், கடையைத் திறக்கிறேன். யாராவது ஏதாவது சொல்லிச் சிரித்தால் நானும் சிரிக்கிறேன். பிறகு எதற்குச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தால் தெரிவதில்லை.

வீட்டு நிலவரம் சொல்கிறேன். உன் ஸ்கூட்டியை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்முன் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கிறேன், பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று. சோறு நானே வடிக்கிறேன். ஒரே வெஞ்சனம்தான், பெரும்பாலும் உருளைக்கிழங்கு. மதியத்துக்கு வைத்ததே இரவுக்கும் ஓடும். உன் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு கணக்கு வாத்தியார் வந்திருக்கிறார். கிரைண்டர் பெல்ட் மாற்ற வந்த ஒரு அம்மாவோடு கூட வந்த மகள் உன்னிடம் படித்தவளாம். "சார் நல்லாத்தான் நடத்துறாரு. ஆனா அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது டீச்சர் மாதிரி ரோல் நம்பரை வகுத்து உடைக்க மாட்டேங்குறாரு" என்றாள். அவர்களுக்கு இலவசமாகப் பெல்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சரி, சங்கதிக்கு வருகிறேன். உன் கல்லறைக் கல் விஷயமாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்ட எண்ணைக் கல்லில் வெட்டியாகிவிட்டது. ஆனால் நேராக நடக்கவில்லை. நடுவில் பெரிய குழப்பமாகி, எண் உடைந்துபோய், மறுபடி சேர்ந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். எட்டிப் பார்ப்பவர்களுக்கும் விளங்க வேண்டுமே.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து, பிறகொரு நாள் போய்த் தையல் பிரித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தூறலுக்காகக் கண்ணாடியை எல்லாம் சாத்தியிருந்தார்கள். நீ ஜன்னலோரம். ஒரு பக்க மார்பை எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் யாரும் இடித்துவிடாமல் நான் கையை அணையாக வைத்துக்கொண்டிருந்தேன்.  நீ கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் எழுதினாய்: 73939133.

"இது என்னன்னு தெரியுதாங்க?"

"போன் நம்பரா?"

"எட்டுதான இருக்கு."

"அப்ப லாரி நம்பரு."

"ஒங்க மூளைக்கு மிக்ஸி தேவல" என்றாய். "ஏழு கோடியே முப்பத்தொம்பது லட்சத்து முப்பத்தொம்பதாயிரத்து நூத்தி முப்பத்தி மூணு. இது பகா எண்ணுங்க. உடையவே உடையாது."

பகா எண் என்றால் என்னவென்று உன்னிடம் வாழ்க்கைப்பட்ட எனக்குத் தெரியாமலா இருக்கும்? பன்னிரண்டு எலுமிச்சம்பழத்தை நாலு நாலாக மூன்று வரிசை அடுக்கலாம். ஏழு பழத்தை எப்படி அடுக்கினாலும் ஒரே வரிசைதான். சம வரிசைகளாகப் பிரிக்கப் பார்த்தால் ஒன்றாவது மிச்சம் விழும். அப்படி எதற்கும் பிரிந்து கொடுக்காத எண்தான் பகா எண். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போதெல்லாம் முன்னால் போகிற வண்டிகளின் எண்ணை நீ உடைத்துக்கொண்டே வருவாய். "இந்தக் காரு மூணுல போகுது. அந்த டெம்போ பதினொண்ணுல போகுது." இருபது வருடம் காதில் விழுந்து விழுந்து, பாட்டுப் பாடம் ஆவதுபோல் எனக்கும் கொஞ்சம் பாடமாகியிருந்தது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, கூடினது மூன்றால் மீதியில்லாமல் போனால் எண்ணும் மூன்றால் போகும். பதினொன்றுக்கு, ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டி, இரண்டு கூட்டலுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும்; அது சைபராகவோ பதினொன்றால் போவதாகவோ இருந்தால் எண்ணும் பதினொன்றால் போகும்.

நீ பெருவிரலால் கடைசியில் நின்ற ஒற்றை மூன்றை அழித்தாய். "இப்ப பாருங்க. இதுவும் உடையாது." அடுத்த மூன்றையும் அழித்தாய். "இதுவும் உடையாது." அப்படியே வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக. 73939 நின்றது, 7393 நின்றது, 739 நின்றது, 73 நின்றது. கடைசியில் கண்ணாடியில் ஒற்றை ஏழு. "இதுவும் பகா எண்ணுதான். எங்க நிறுத்தினாலும் முழுசு. இந்த மாதிரி எண்ணு வேற சிலது இருக்கு. ஆனா இதுதாங்க அதுல பெருசு. இதுக்கு மேல வளராது. வலது பக்கம் இன்னொரு நம்பரச் சேத்தீங்கன்னா, எதச் சேத்தாலும் சரி, உடஞ்சிரும்."

நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "இடது பக்கமிருந்து அழிச்சுட்டு வந்தா?"

"அது நிக்காது. கடைசில முப்பத்தி மூணு வரும்ல, அது மூணுலயும் போகும், பதினொண்ணுலயும் போகும்" என்றாய். அதற்கு முன்னால் எங்கே உடையும் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டார், நீ வலியில் என் கையைப் பிடித்தாய், பேச்சு அறுந்தது. பஸ் மறுபடி வேகமெடுத்ததும் சொன்னாய். "ஒரு பக்கத்த வெட்டி எடுத்துட்டாங்க. கடைசி மூணு போச்சுன்னு வச்சுக்கங்க. மிச்சம் இருக்கிறது மிச்சம் இல்லங்க, முழுசு."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொடைரோட்டுல டீ குடிக்கிறியா?" என்றேன். நீ சிரித்துவிட்டாய்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. முடி போனபோது கண்ணாடி முன்னால் நின்று, "அடுத்த மூணும் போச்சு" என்றாய். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்த அன்றைக்கு ஒன்று. நாக்கில் ருசி செத்தபோது ஒன்று. உனக்குப் பிடித்த பிரியாணியை வாங்கி வந்து திறந்தால், மண்ணைத் தின்பதுபோல் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தாய். நடை போனது எந்த எண், எழுத்தைப் படிக்கக் கண் கூடாமல் போனது எந்த எண் என்று இப்போது எனக்கு வரிசை குழம்புகிறது. உனக்குக் குழம்பியதே இல்லை. கட்டில் பலகையில் பெருவிரலை வைத்து மறைத்துக் காட்டுவாய். நான் பார்ப்பேன்.

நடுவில் கிண்டல் வேறு. "நான் போனப்புறம் ஒங்க அக்கா இன்னொருத்தியச் சேத்துவிடப் பாப்பாக. ஒண்ணு சேத்தா ஒடஞ்சிரும்ங்க, பாத்துக்கங்க" என்றாய். நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது கேட்டாயே ஒரு கேள்வி, அதுதான் என்னை இன்றுவரை விடவில்லை.

"கடைசியா நிக்கும்ல ஏழு, அது எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"உசுரா?"

"உசுரும் போயிருமே."

"சாமியா?"

"சாமி எண்ணுக்கு வெளிய இருக்காரு. யோசிங்க."

"நீயே சொல்லிரேன்."

"கேள்வியையும் போட்டுப் பதிலையும் நானே சொன்னா அப்புறம் நீங்க எதுக்கு?"

அப்போதுதான் கல்லைப் பற்றிச் சொன்னாய். பைபிள் வசனம் அண்ணன் போடுவாக, போட்டுக்கிறட்டும், அதுக்குக் கீழ இந்த எண்ணப் போட்டுருங்க, வெளக்கம் ஒண்ணும் வேணாம் என்றாய். சரி என்று உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பதிலைச் சொல்லாமலே சில வாரங்களில் உனக்குப் பேச்சும் போனது. நமக்குப் பிள்ளை குட்டி இல்லை. சாட்சிக்குக்கூட அந்த அறையில் நீயும் நானும்தான்.

நீ போன பிறகு, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல் வைத்துவிட வேண்டும் என்று உன் வீட்டில் பேச்சு வந்தது. தாடிக்கொம்பில் உன் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எண் விஷயத்தைச் சொன்னேன். சூசை மச்சான் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மாப்ள இது? கல்லறையில போயி லாரி நம்பர் மாதிரி? பாக்குறவன் சிரிக்க மாட்டானா?"

உன் அம்மா சொன்னதுதான் சுருக்கென்று இருந்தது. "என் மக என்ன செயில்லயா இருந்தா, நம்பர் குத்துறதுக்கு?"

எனக்கு வாதாடத் தெம்பில்லை. அவள் கேட்டாள், நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சர்ச்சுக்குப் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா யாராச்சும் அர்த்தம் கேட்டா எங்கிட்ட அனுப்பாதீங்க" என்றார். மச்சான் உம்மென்று வண்டியில் ஏறிப் போனார்.

செம்பட்டி சாலையில் முருகேசனின் கல்பட்டறை இருக்கிறதே, அங்கேதான் கொடுத்தேன். கறுப்புக் கிரானைட். மேலே சிலுவை, உன் பெயர், தேதிகள், மச்சான் சொன்ன சங்கீத வசனம், அடியில் எண். என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு மறந்துபோனேன். மறந்தேன் என்றால், நினைக்க முடியவில்லை. முருகேசன் போன் செய்திருக்கிறான், நான் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் நான் போன் எடுப்பதில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்று மிக்ஸியை ஓடவிட்டுச் சத்தத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

கல் தயாராகியிருக்கும் என்று ஒருநாள் மத்தியானம் போனேன். வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தான். வெள்ளைப் பெயிண்ட் எல்லாம் நிரப்பி, துடைத்து, அழகாகத்தான் இருந்தது. அடியில் பார்த்தேன். 3939133.

"முருகேசா, முன்னாடி ஒரு ஏழு இருக்கணுமே?"

"அதாண்ணே, ஒங்களுக்கு நாலஞ்சு தடவ அடிச்சேன், எடுக்கல. எட்டு நம்பரு இருக்கு. செல்லுன்னா பத்து இருக்கணும், வீட்டு போனுன்னா நம்ம ஊருக்கு ஏழு இருக்கணும். எட்டு எந்தக் கணக்குலயும் வரல. தப்பா வெட்டிட்டா கல்லு போச்சுல்ல? ஒங்க மச்சான் நம்பர் இருந்துச்சு, அவுகளக் கேட்டேன். செத்த நேரம் யோசிச்சாக. அப்புறம் அவுகதான், அது எங்க பழைய வீட்டு லேண்ட்லைன் நம்பரு, ஏழுதான் வரும், முன்னாடி இருக்கிறத எடுத்துருன்னாக. முன்னாடிதானண்ணே சைபரு, தொண்ணூத்தொண்ணுன்னு கூடுதலா எதையாச்சும் போடுவாங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. நானே பஸ்ஸில் போன் நம்பரா என்றுதானே கேட்டேன்? சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், ஸ்டெல்லா. எட்டில் ஏழு இருக்கிறது, போதாதா? நீ எத்தனை தடவை வெட்டிக் காட்டினாய், வெட்டினாலும் முழுசுதான் என்று. வண்டியில் சாவியையும் போட்டுவிட்டேன்.

ஆனால் இருபது வருடப் பழக்கம் விடுமா? பார்த்த எண்ணை உடைத்துப் பார்க்கிற உன் வியாதி என்னையும் பிடித்திருந்தது. சாவியைத் திருகாமல், நின்ற இடத்திலேயே பார்த்தேன். இரண்டால் போகாது. கூட்டினால் முப்பத்தொன்று, மூன்றால் போகாது. ஐந்தால் போகாது. ஏழுக்கு எனக்குக் குறுக்குவழி தெரியாது, விட்டுவிட்டேன். பதினொன்றுக்கு ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டினேன். மூன்று, மூன்று, ஒன்று, மூன்று: பத்து. ஒன்பது, ஒன்பது, மூன்று: இருபத்தொன்று. வித்தியாசம் பதினொன்று.

நம்பிக்கை வராமல், முருகேசன் கோடு போடும் சாக்பீஸை எடுத்து, பக்கத்தில் கிடந்த ஒரு உடைந்த பலகைக்கல்லில் வகுத்துப் பார்த்தேன். பதினொன்றால் போனது. மூன்று லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து நூற்று மூன்று தடவை போய், கீழே மீதி சைபர். முருகேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வலப்பக்கமிருந்து ஏழு தடவை வெட்டினாலும் உடையாத எண், இடப்பக்கம் ஒரே ஒரு வெட்டுக்கு உடைந்துவிட்டது. பஸ்ஸில் நீ சொல்லாமல் விட்டது இதைத்தான். முதல் வெட்டிலேயே உடையும் என்று உனக்குத் தெரியும்தானே? தெரிந்துதான் சொல்லாமல் விட்டாயா?

உனக்குப் போனதெல்லாம் வலப்பக்கமிருந்து போனது. ஒவ்வொன்றாக, உனக்குத் தெரிந்து, நீ எண்ணிக்கொண்டிருக்கும்போதே போனது. நீ கடைசிவரை முழுசாக இருந்தாய், நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்படி இல்லை. எனக்கு முடி இருக்கிறது, நடை இருக்கிறது, ருசிகூட இருக்கிறது. கடை இருக்கிறது. முன்னால் நின்ற ஒன்று மட்டும் போனது. அந்த உடைந்த கல்மேல் சாக்பீஸோடு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நீ போன பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

"இத இப்புடியே வைக்க முடியாது முருகேசா" என்று சொல்லிவிட்டு நேராகத் தாடிக்கொம்புக்குப் போனேன். மச்சானிடம் சண்டை போடத்தான் போனேன். பாதை முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். போய்ப் பார்த்தால் வாசலில் உன் அம்மா பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"எங்க பழைய வீட்டு போன் நம்பரத்தான் கல்லுல போடச் சொல்லிட்டுப் போயிருக்கா என் மக. எனக்குத் தெரியாமப் போச்சு பாரு. செயிலு நம்பருன்னு வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேன். அந்த போனு மணி அடிச்சா ஓடிப்போயி மொத ஆளா எடுக்கிறது அவதான்."

மச்சான் என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "மாப்ள, நீங்க சொல்லக்கூடாதா அது வீட்டு நம்பருன்னு? நான் எம்புட்டுப் பேசிட்டேன். அந்த நம்பர் எனக்கே மறந்துபோச்சு. அவ ஞாபகம் வச்சிருந்திருக்கா." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். உன் அண்ணன் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வராதது அவருக்கு வந்துவிட்டது.

நான் தயார் செய்துகொண்டு போன ஒரு வாக்கியத்தையும் சொல்லவில்லை. நீயே சொல், என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தம்மாவிடம் போய், இல்லை அத்தை, அது உங்கள் வீட்டு எண் இல்லை, பதினொன்றால் உடைகிற எண் என்றா? காபி கொடுத்தார்கள், குடித்தேன். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முருகேசனிடம் கேட்டுக்கொண்டு, ஏழை வெட்டச் சொன்னேன்.

"ஓரத்துல எடம் இருக்குண்ணே. ஆனா நம்பர நடு சென்டர்ல போட்டுட்டேன். இப்ப சேத்தா இடது பக்கம் இழுத்த மாதிரி தெரியும்."

"தெரியட்டும்."

அவன் வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். கல்தூள் பறந்து என் சட்டையெல்லாம் விழுந்தது. பழைய இலக்கங்களைவிட அந்த ஏழு ஒரு பொட்டு பெரிதாக அமைந்துவிட்டது. பெயிண்டும் புதிது என்பதால் பளிச்சென்று இருக்கிறது.

கல்லறைத் திருநாளன்று வானம் மூடிக்கொண்டிருந்தது, மழை இல்லை. உனக்குச் செவ்வந்தி வாங்கியிருந்தேன். நல்ல கூட்டம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். நம்மிடம் வந்து, தெளித்து, அந்த எண்ணைப் பார்த்து, என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். மச்சான் கல்லைப் பார்த்ததும் திடுக்கிட்டார். முன்னால் இருக்கும் ஏழைக் கையால் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் உன் அம்மா கல்முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, உனக்குத் தெரியும். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். உன் பெயரைத் தடவினார். எண்ணுக்கு வந்து வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். முன்னாலிருந்த ஏழில் விரல் நின்றது. விளிம்பு இன்னும் கூர்மையாக இருந்தது.

"ஏழு நம்பருதானப்பா வரணும்? இது என்ன, முன்னாடி ஒண்ணு கூடுதலா நிக்குது?"

மச்சான் என்னைப் பார்த்தார். பொய் சொல்லவும் எனக்கு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. அந்தம்மாவின் விரல் ஏழின்மேலேயே இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"அது நான், அத்தே" என்றேன்.

சமாளிக்கத்தான் சொன்னேன், ஸ்டெல்லா. சத்தியமாகச் சமாளிக்கத்தான். வாயைவிட்டு வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. உன் கடைசி நாள் நினைவுக்கு வந்தது. பேச்சு இல்லை, ஆள் அடையாளம் இல்லை. உன் அம்மா கூப்பிட்டும் திரும்பவில்லை, சாமியார் வந்தபோதும் திரும்பவில்லை. நான் கடையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் வந்து கட்டிலோரம் நின்றேன். மோட்டார் எண்ணெய் வாசத்துக்கு உன் முகம் என் பக்கம் திரும்பியது. கை தட்டுத் தடுமாறி வந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. போகும்வரை விடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று இத்தனை நாள் நான் யோசிக்கவே இல்லை.

உன் அம்மா அண்ணாந்து என்னைப் பார்த்தார். "ஒங்களையும் சேத்துக்கிட்டாளா எங்க வீட்டு நம்பரோட?" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "சேத்தவ பின்னாடி வைக்கல பாரு, முன்னாடி வச்சிருக்கா" என்றார். மெழுகுவர்த்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, சரியாக அந்த ஏழுக்கு நேராகக் கீழே நட்டு வைத்தார். மச்சான் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

நான் அழுதேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது, கொஞ்சம்தான். இறுகிக் கிடந்த மோட்டார் அரைச்சுற்று சுற்றி மறுபடி நின்றுவிட்டது. ஆனால் சுற்றியது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கடைசியாக நிற்கிற ஏழு எது என்று கேட்டாயே, அதற்கு இந்த விடை சரிதானா, டீச்சர்? பதினொன்றால் வகுத்துக் காட்டியதுபோல் இதை எப்படி நிரூபிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. தப்பென்றால் நீ எப்படியாவது தெரியப்படுத்தியிருப்பாய் என்று நம்புகிறேன். தப்பு விடையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆளா நீ?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்குப் பெயிண்ட் டப்பாவோடு வருவேன், எழுத்தையெல்லாம் புதுப்பிப்பேன். எண்ணுக்கு வரும்போது வலப்பக்கமிருந்து, கடைசி மூன்றிலிருந்து தொடங்குவேன். ஒவ்வொன்றாக வந்து, ஏழைக் கடைசியில் தொடுவேன். அவசரப்பட மாட்டேன். உன் அம்மா இருக்கும்வரை அது உங்கள் வீட்டு எண்தான், அவருக்குப் பிறகும் நான் அதை மறுக்கமாட்டேன். இடப்பக்கம் மட்டும் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

கையில் எண்ணெயோடு,
என் சட்டைப் பொத்தானைப் பற்றிய உன் பிடிக்குள் இன்னும் நிற்கிற
உன் வீட்டுக்காரன்,
தாஸ்